முருகைக்கல்லின் வயதும் கடலின் உயரமும்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் சிப்காட் வளாகம், ஹூண்டாய் ஆலை, கார்ப் பந்தயத் தடம். தொழில் வரைபடத்தில் இந்த வட்டாரம் ஏறியது 1990களின் பிற்பகுதியில்தான். நிலவியல் வரைபடத்தில் அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஏறிவிட்டது. பல்லாவரத்தில் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பகுதியை ஆராய்ந்து 1873இல் வெளியிட்ட அறிக்கையில் இங்குள்ள களிப்பாறைகளையும் மணற்பாறைகளையும் ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் என்று தனியே பிரித்தார். அந்தக் களியில் பதிந்திருந்த செடிகளை ஆட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்தார். டிலோஃபில்லம் என்ற ஈந்து போன்ற செடியின் இலைகளும், கடல்வாழ் சிப்பிகளும், அம்மோனைட்டுகளும் ஒரே தொகுதியில் கிடக்கின்றன. கரையோரக் காட்டிலிருந்து உதிர்ந்த இலைகள் ஆழமற்ற கடலின் சேற்றில் படிந்தன என்பதே அதன் பொருள். காலம், கிரிட்டேசியஸ் ஊழியின் தொடக்கப் பகுதி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இன்று கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்த நிலம் ஒரு காலத்தில் கடலடி.

இதைக் கேட்டவுடன் எழும் கேள்வி, அப்படியானால் அன்று கடல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது. அந்தக் கேள்விக்கு இருங்காட்டுக்கோட்டையின் களியால் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வாதம் தொடங்குகிறது. இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்துகொண்டிருந்த காலம் அது. கண்டத்தின் ஓரம் பிளந்து தாழ்ந்தது; தாழ்ந்த பள்ளத்தில் கடல் புகுந்தது. உலகக் கடல்மட்டமும் அன்று உயர்வாக இருந்தது. பிறகு அதே ஓரம் பல கோடி ஆண்டுகளில் நிமிர்ந்தது, அரிக்கப்பட்டது. இன்று அந்தக் களி கிடக்கும் உயரத்தில் நிலம் செய்தது எவ்வளவு, கடல் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கடலுயிரின் எச்சம் ஓரிடத்தில் கிடைப்பது, அங்கே கடல் இருந்தது என்பதற்குச் சான்று. கடல்மட்டத்துக்குச் சான்றாக வேண்டுமானால் அந்த எச்சம் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும். எப்போது வாழ்ந்தது, நீர்ப்பரப்புக்கு எவ்வளவு கீழே வாழ்ந்தது, அதற்குப் பின் அதன் அடியில் இருக்கும் நிலம் எவ்வளவு அசைந்தது. முதல் இரண்டுக்கும் முருகைக்கல் எனப்படும் பவளத்தைப் போலத் துல்லியமாக விடை தரும் உயிர் வேறில்லை. மூன்றாவதற்குப் பவளம் தனியாக விடை தராது. கடந்தகாலக் கடல்மட்டம் பற்றிய பொதுவெளிச் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியைத் தாண்டிக் குதிப்பதால் வருபவை.

தோற்றத்தை நம்பி வயது சொல்வதன் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இதே வட்டாரத்தில் இருக்கிறது. கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஒரு களியடுக்கு ஸ்ரீபெரும்புதூர்க் களியோடு சேர்ந்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வில் அந்தக் களிக்குள்ளேயே பழைய கற்காலக் கைக்கோடரிகள் கிடைத்தன. 2011இல் வெளியான கதிரியக்கக் கணக்கு அவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றது. பத்துக் கோடி ஆண்டு என்று நினைத்த மண்ணுக்குள் மனித இனத்தின் கைவேலை! அங்கே கடிகாரமாகப் பயன்பட்டது விண்வெளிக் கதிர்கள் குவார்ட்ஸ் கனிமத்தில் உண்டாக்கும் அரிய அணுக்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற கடிகாரம் வேண்டும். சேற்றுக் கடலில் பவளம் வளராது. ஆறு கொண்டுவரும் வண்டலும் நன்னீரும் அதற்கு ஆகா. ஆகவே ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளில் பவளத்தைத் தேடிப் பயனில்லை. தெற்கே கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறையில் கிரிட்டேசியஸ் காலப் பவளங்கள் உண்டு. ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா 1873இலேயே தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் பவளங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆனால் இனி நாம் பேசப்போகும் கடிகாரம் அவ்வளவு பழைய பவளத்தில் ஓடாது. அது ஓடும் பவளத்துக்கு மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக வேண்டும்.

அந்தக் கடிகாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் அதன் நேர்த்தி புரிந்தால்தான் அதன் எல்லையும் புரியும். கடல்நீரில் யுரேனியம் கரைந்திருக்கிறது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய மூன்று மைக்ரோகிராம். தோரியம் நீரில் கரைவதில்லை. மண்துகளில் ஒட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்விடும். பவளப் பூச்சி சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுக்கு யுரேனியம் அதில் சேர்கிறது, தோரியம் சேர்வதில்லை. எனவே கட்டப்பட்ட நாளில் கூட்டின் தோரியக் கணக்கு கிட்டத்தட்டச் சுழி. அன்றிலிருந்து யுரேனியம்-234 சிதைந்து தோரியம்-230 ஆக மாறத் தொடங்குகிறது. முன்னதன் அரை ஆயுள் சுமார் 2,45,000 ஆண்டு, பின்னதன் அரை ஆயுள் சுமார் 75,600 ஆண்டு. இரண்டின் விகிதத்தை அளந்தால் கூடு கட்டி எத்தனை ஆண்டாயிற்று என்று கணக்கிடலாம். ஐந்து லட்சம் ஆண்டைத் தாண்டினால் தோரியம் பிறப்பதும் சிதைவதும் சமநிலைக்கு வந்துவிடும், கடிகாரம் நின்றுவிடும். 1950களில் பசிபிக் பவளங்களில் முதலில் முயன்றபோது கதிர்வீச்சை எண்ணித்தான் அளந்தார்கள். அதற்குப் பெரிய பவளத் துண்டு வேண்டும், பிழையும் பெரிது. 1987இல் லாரன்ஸ் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் அணுக்களையே நேரடியாக எண்ணும் நிறைமாலைக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதன்பின் சில கிராம் பவளம் போதும். சில ஆயிரம் ஆண்டுப் பழமைக்குப் பிழை சில பத்தாண்டுகளுக்குள் அடங்கும்.

இந்த முறையின் மீது சொல்லப்படும் நியாயமான ஆட்சேபம், கூடு அன்று அடைபட்டபடியே இன்றுவரை இருந்தது என்று எப்படி நம்புவது என்பது. கரையேறிய பவளத்தின் மேல் ஆயிரக்கணக்கான ஆண்டு மழை பெய்திருக்கிறது. மழைநீர் யுரேனியத்தைக் கழுவிச் செல்லலாம், புதிதாகவும் சேர்க்கலாம். இதற்குப் பவளமே இரண்டு சோதனைகளை வைத்திருக்கிறது. பூச்சி கட்டுவது அரகோனைட் என்ற வகைச் சுண்ணாம்பு. நன்னீர் பட்டு மறுபடி படிந்தால் அது கால்சைட்டாக மாறிவிடும். எக்ஸ்ரே சோதனையில் கால்சைட் தென்பட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. கடல்நீரில் யுரேனியம்-234க்கும் 238க்கும் உள்ள கதிரியக்க விகிதம் சுமார் 1.145, சில லட்சம் ஆண்டுகளாக அது பெரிதாக மாறவில்லை. பவளத்தின் வயதைக் கணக்கிட்டபின், அது பிறந்தபோது இருந்திருக்க வேண்டிய விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் கடிகாரம் வேறு எந்தப் புதைபடிவத்திலும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. கார்பன்-14 முறைக்கே பவளம்தான் ஒருமுறை திருத்தம் சொன்னது. பார்படோஸ் தீவின் ஆழ்துளைப் பவளங்களை இரண்டு முறையாலும் அளந்த எட்வார் பார்ட் குழு, 20,000 ஆண்டுப் பழமையில் கார்பன் கணக்கு சுமார் 3,500 ஆண்டு குறைத்துச் சொல்கிறது என்று 1990இல் காட்டியது.

வயது இப்படிக் கிடைக்கிறது. அடுத்தது ஆழம். பவளத்தின் திசுவுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசி குடியிருப்பதால் அது வெளிச்சம் எட்டும் ஆழத்தைத் தாண்டிச் செழிக்காது. ஆனால் வெளிச்சம் பல பத்து மீட்டர் வரை எட்டும். ஒரு பவளம் கிடைத்தது என்பதால் மட்டும் கடல்மட்டம் தெரிந்துவிடாது. மட்டம் அதற்கு மேலே எங்கோ இருந்தது என்றுதான் தெரியும். பார்படோஸில் ரிச்சர்ட் ஃபேர்பேங்ஸ் 1989இல் உறைபனிக் காலத்தின் உச்சத்தில் கடல் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்று நிறுவியபோது, மான்கொம்புபோல் கிளைக்கும் ஓர் இனத்தை மட்டும் தேர்ந்தெடுத்தார். அது அலையடிக்கும் மேல்மட்ட நீரிலேயே பெரும்பாலும் வாழும். இந்தியப் பெருங்கடலில் அந்த இனம் கிடையாது. நமக்கு உதவுவது போரைட்டஸ் என்ற உருண்டைப் பவளத்தின் ஒரு பழக்கம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மேல்நோக்கி வளரும் அது, வற்றத்தின்போது காற்றுப்படும் உயரத்தை எட்டியதும் உச்சி செத்துவிடும். பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து, நடுவில் தட்டையான வட்டத் திண்ணையாக நிற்கும். நுண்பவளத் திட்டு எனப்படும் இதன் மேற்பரப்பு அந்தக் காலத்து வற்ற மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். கடல் சற்று ஏறினால் விளிம்பு உயரும், இறங்கினால் விளிம்பு படியும்.

ராமேஸ்வரம் தீவின் வடகரையில், பாம்பனிலிருந்து கிழக்கே, இன்றைய கடலுக்கு மேலே இறந்த பவளத்திட்டு கிடப்பதை மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதிய ஃபூட் 1883இல் பதிவு செய்திருக்கிறார். இருங்காட்டுக்கோட்டைக் களியையும் பாம்பன் பவளத்தையும் ஒரே மனிதர் கண்டு எழுதினார் என்பது இந்த ஆய்வின் தற்செயல்களில் ஒன்று. அவர் காலத்தில் கல்லின் வயதை அளக்க வழியில்லை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பவளங்களை வகைப்படுத்திவந்த கோபிநாத பிள்ளையும் கேம்பிரிட்ஜ் புவியியலாளர் டேவிட் ஸ்டாடர்ட்டும் சேர்ந்து 1972இல் வெளியிட்ட கட்டுரைதான் அந்தத் திட்டுக்கு முதன்முறையாகக் கார்பன் வயது தந்தது. 4,020 ஆண்டு, பிழை 160 ஆண்டு. சிலப்பதிகாரத்தின் கடல்கோள் கதைகளையோ சேது பற்றிய நம்பிக்கைகளையோ இந்த எண்ணோடு முடிச்சுப் போடுவதற்கு ஆர்வம் குறைவில்லை. ஆனால் அந்த எண் சொல்வது ஒன்றே: அந்தப் பவளம் அன்று உயிரோடு இருந்தது. கடல் என்ன செய்தது, நிலம் என்ன செய்தது என்பது தனி விசாரணை.

விசாரணையின் முதல் ஆட்சேபம் புயல். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் அழித்த புயலின் அலை எதையெல்லாம் தூக்கி எறிந்தது என்பது இந்தக் கரைக்குத் தெரியும். அப்படிப்பட்ட அலை பவளப் பாளங்களைக் கரையில் குவித்துவிட்டுப் போனால், பின்னால் வரும் ஆய்வாளர் அதைப் பழைய கடல்மட்டம் என்று எண்ணிவிடக்கூடும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது எளிது. புயல் எறிந்த பவளம் கவிழ்ந்தும் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கும். வளர்ந்த இடத்திலேயே நிற்கும் பவளம் மேல்நோக்கி நிற்கும், அதன் வளர்ச்சி வளையங்கள் கிடைமட்டமாக அடுக்கியிருக்கும், பக்கத்துக் கூடுகளோடு பிணைந்திருக்கும். ராமேஸ்வரத்தில் இரண்டு வகையும் உண்டு. இரண்டாம் வகையை மட்டும் எடுத்தால் போதும். ஆகவே புயல் வாதம் கவனத்தைக் கேட்கிறதே தவிர முடிவைக் கவிழ்ப்பதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கடல் அசையவே இல்லை, நிலம்தான் எழுந்தது என்று வைத்துக்கொண்டால் என்ன? 2004 டிசம்பர் 26 அன்று வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பியது. உயிருள்ள பவளத்திட்டுகள் நீருக்கு மேல் வந்து வெயிலில் செத்தன. அதே நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. ஆயிரம் ஆண்டு கழித்து வட அந்தமான் பவளத்தின் வயதை மட்டும் அளப்பவர் 2004இல் கடல் இறங்கியது என்பார். நிக்கோபாரில் அளப்பவர் ஏறியது என்பார். இருவருடைய கடிகாரமும் சரி, இருவருடைய முடிவும் தவறு. மூன்றாவது கேள்வியைத் தாண்டிக் குதித்தால் நேர்வது இதுதான்.

ராமநாதபுரம் கரை அந்தமான் போன்றதா? இல்லை என்பதற்குக் கணக்கே சான்று. கடல் உயர்ந்து நின்ற காலத்தைத் தோராயமாக ஆறாயிரம் ஆண்டுக்கு முன் என்றும், உயர்வை இரண்டு மீட்டர் என்றும் கொண்டு, அவ்வளவும் பவளத்திட்டு எழுந்ததால் வந்தது என்று வைத்தால் அது ஆண்டுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பார்படோஸ் உண்மையிலேயே ஏறக்குறைய அந்த வேகத்தில் எழும் தீவு. ஆகவேதான் அங்கே 1,25,000 ஆண்டுக்கு முந்தைய பவளத்திட்டு இன்று பல பத்து மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கும் பழையவை மேலே மேலே படிக்கட்டாகத் தெரிகின்றன. நியூகினியாவின் ஹுவான் தீபகற்பத்தில் எழுச்சி இன்னும் வேகம், படிக்கட்டு இன்னும் உயரம். ராமநாதபுரத்து நிலம் அதே வேகத்தில் எழுந்துவந்திருந்தால் 1,25,000 ஆண்டுக்கு முந்தைய அந்த வெப்பக் காலத்துப் பவளம் நாற்பது மீட்டர் உயரத்தில் கிடக்க வேண்டும். மண்டபத்தைச் சுற்றி அப்படி ஒரு பவளப் படியும் இல்லை. எல்லாமே கடலை ஒட்டிய தாழ்நிலம். எழுச்சி ஆறாயிரம் ஆண்டுக்கு முன்தான் தொடங்கியது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். அப்படியானால் இலங்கையின் தெற்குக் கரையில், ஹிக்கடுவைக்குப் பக்கத்து அக்குரலவில், கடலைவிட்டு உள்ளே மண்ணுக்கடியில் கிடக்கும் முருகைக்கல்லும் ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்ததாக இருப்பது ஏன்? சுண்ணாம்புக் காளவாய்களுக்காகத் தோண்டப்பட்ட அந்தப் பவளங்களை இலங்கை ஆய்வாளர் கட்டுபொத 1980களில் கார்பன் முறையில் அளந்தபோது கிடைத்த வயதுகளும் ஐந்தாறாயிரம் ஆண்டுப் பழமையைச் சுற்றியே வந்தன. மலாய் தீபகற்பத்திலும் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் இதே காலத்தில் கடல் ஒன்று முதல் சில மீட்டர் உயர்ந்து நின்ற தடயம் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தனை நிலங்கள் ஒரே காலத்தில் பேசிவைத்துக்கொண்டு எழுவதில்லை. ராமேஸ்வரத்தில் சில பத்து சென்டிமீட்டர் உள்ளூர் அசைவு இருந்திருக்கலாம். ஆனால் கதையின் பெரும்பகுதி அதுவாக இருக்க முடியாது.

அப்படியானால் ஆறாயிரம் ஆண்டுக்கு முன் உலகக் கடலில் இன்றையதைவிட அதிகத் தண்ணீர் இருந்ததா? இதுவும் இல்லை என்பதுதான் இந்தப் புதிரின் சுவையான பகுதி. வட அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவியாவையும் மூடியிருந்த பனிக்கவிகை ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுக்கு முன் உருகித் தீர்ந்துவிட்டது. அதன்பின் கடலில் சேர்ந்த நீர் சொற்பம். குறைந்ததோ அதைவிடச் சொற்பம். நீர் மாறவில்லை, நிலத்தட்டு பெரிதாக எழவில்லை, ஆயினும் நம் கரையில் கடல் இறங்கியது. காரணம் பூமியின் உள்ளே இருக்கும் இளக்கம். கயிற்றுக் கட்டிலின் ஒரு முனையில் இருந்த பாரம் எழுந்துபோய் நடுவில் உட்கார்ந்தால் கயிறு முழுவதும் தளர்ச்சியை மாற்றி அமைத்துக்கொள்ளும். பூமியின் கவசம் அதைச் செய்ய ஆயிரக்கணக்கான ஆண்டு எடுக்கிறது. பனியின் எடை அழுத்தியபோது அதைச் சுற்றிலும் புடைத்திருந்த கடலடி, பனி போனபின் மெல்லத் தாழ்ந்தது. அங்கே கூடிய இடத்தை நிரப்ப வெப்பமண்டலக் கடல்களிலிருந்து நீர் நகர்ந்தது. அதோடு, 120 மீட்டர் உயர்ந்த கடல்நீரின் புதிய எடை கடலடியை அழுத்த, அடியிலிருந்த இளகிய பாறை கண்டங்களின் பக்கம் ஒதுங்கிக் கரையோரத்தை லேசாகத் தூக்கியது. இந்த விளக்கத்தை ஜெரி மிட்ரோவிகாவும் கிளென் மில்னும் 2002இல் கணித அடிப்படையில் தெளிவாக்கினார்கள். பனியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கண்டக் கரைகளில் கடல் ஒரு காலத்தில் உயர்ந்து நின்று பிறகு மெல்ல இறங்கியதாகத் தோன்றும் என்பதும், நடுக்கடல் தீவுகளில் அந்த இறக்கம் குறைவாக இருக்கும் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் முன்கணிப்பு. மாலத்தீவுகளின் நுண்பவளத் திட்டுகளை அளந்த பால் கென்ச் குழு 2009இல் கண்ட உயர்வு அரை மீட்டர்தான். இந்தியக் கிழக்குக் கரையின் பவளங்களையும் மணல்மேடுகளையும் தொகுத்த பி. கே. பானர்ஜி 2000இல் சொன்னது மூன்று மீட்டர் வரை. கண்டத்துக்கும் தீவுக்கும் இடையே எதிர்பார்த்த திசையில் வேறுபாடு விழுகிறது. எண்களின் துல்லியம் பற்றிச் சண்டையிடலாம். திசை பற்றிச் சண்டையில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டும்? ஏனெனில் பாம்பன் பவளம் அடிக்கடி ஒரு வாதத்துக்குச் சாட்சியாகக் கூட்டிவரப்படுகிறது. தொழிற்சாலைப் புகை இல்லாத காலத்திலேயே கடல் இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்து நின்றதே, இன்று சில சென்டிமீட்டருக்கு ஏன் பதற வேண்டும் என்பது அந்த வாதம். மேலே கண்டபடி அந்த உயர்வு கடலில் நீர் கூடியதால் வந்ததன்று; அதிலிருந்து இன்றுவரை நடந்த இறக்கத்தின் வேகம் ஆண்டுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை கடல் உயர்ந்த வேகம், மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். பத்து மடங்கு வேகம், எதிர்த்திசை. இப்போது கூடுவது உருகிய பனியும் வெப்பத்தால் விரிந்த நீரும். காரணமும் வேகமும் திசையும் வேறான இரண்டு நிகழ்வுகளை, இரண்டிலும் கடல் அசைகிறது என்பதற்காக ஒன்றாகக் கட்டுவது ஸ்ரீபெரும்புதூர்க் களியையும் அத்திரம்பாக்கக் களியையும் ஒரே நிறம் என்று ஒன்றாகக் கட்டியதற்கு ஒப்பு. பவளம் பதற்றத்தைக் குறைக்கவில்லை என்பதோடு, இரண்டு இடங்களில் கூட்டவும் செய்கிறது. தாஹித்தியின் கடலடிப் பவளங்களைத் துளைத்தெடுத்த பியேர் டெஷாம் குழு, 14,650 ஆண்டுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 340 ஆண்டில் கடல் 14 முதல் 18 மீட்டர் ஏறியது என்று 2012இல் காட்டியது. ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்கும் மேல். அன்று உருகுவதற்கு இருந்த பனி இன்றையதைவிட மிக அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பனிக்கவிகை மெல்லத்தான் கரையும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. சீஷெல்ஸின் கருங்கல் தீவுகளில் ஒட்டியிருக்கும் 1,25,000 ஆண்டுக்கு முந்தைய பவளங்களிலிருந்து ஆண்ட்ரியா டட்டன் குழு 2015இல் கணக்கிட்டது ஏழெட்டு மீட்டர் உயர்வு. அந்தக் காலத்தின் சராசரி வெப்பம் இன்று நாம் நெருங்கியிருக்கும் அளவைவிடப் பெரிதும் கூடுதலில்லை. இந்த ஏழெட்டு மீட்டர், பாம்பனின் இரண்டு மீட்டரைப்போலன்றி, கிரீன்லாந்திலிருந்தும் அண்டார்க்டிகாவிலிருந்தும் உண்மையாகவே கடலுக்கு வந்த நீர்.

மாலத்தீவில் அளந்த கென்ச் குழு 2020இல் சொன்ன இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. கடந்த இரண்டாயிரம் ஆண்டில் இரண்டு குளிர்க் காலங்களில், அதாவது கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையும், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையும், கடல் கிட்டத்தட்ட 0.9 மீட்டர் தாழ்ந்திருந்ததாக நுண்பவளத் திட்டுகள் காட்டுகின்றன. கட்டில் கயிற்றின் மெதுவான தளர்ச்சியால் இதை விளக்க முடியாது. எனவே இயற்கை ஊசலாட்டமே காரணம், இன்றைய ஏற்றமும் அதன் தொடர்ச்சிதான் என்று ஒருவர் வாதாடலாம். இந்த வாதத்தில் பாதி உண்மை. இன்றைய ஏற்றம் தாழ்ந்த ஒரு தளத்திலிருந்து தொடங்கியது என்பது சரி. ஆனால் கடல் வெப்பத்துக்கு அவ்வளவு கூர்மையாக எதிர்வினை செய்யும் என்றால், சிறிய இயற்கைக் குளிர்ச்சிக்கே ஒரு மீட்டர் அசையும் என்றால், அதைவிடப் பெரிய செயற்கை வெப்பத்துக்கு அசையாமல் இருக்குமா? அந்தச் சான்று கூட்டிவந்தவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

கூட்டின் உயரம் கடல்மட்டத்தைச் சொல்கிறதென்றால், கூட்டின் வேதியியல் தட்பவெப்பத்தைச் சொல்கிறது. வெப்பம் கூடினால் ஸ்ட்ரான்சியம் சற்றுக் குறைவாகச் சேரும். ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் வெப்பத்தோடு உப்புத்தன்மையையும் காட்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சக்ரவர்த்தியும் ரமேஷும் 1990களில் லட்சத்தீவுப் பவளத்தில் பருவமழைக் காலக் கடற்குளிர்ச்சியைப் படித்துக் காட்டினார்கள். சுமத்ராவின் மேற்கே செத்துக் கிடக்கும் பவளங்களை யுரேனியம்–தோரிய முறையில் வரிசைப்படுத்திய நெரிலி ஆப்ரம் குழு, இந்தியப் பெருங்கடலின் கிழக்கு முனை குளிர்ந்து மேற்கு முனை சூடாகும் இருமுனை நிகழ்வுகளைக் கடந்த ஆயிரமாண்டின் பல பகுதிகளுக்கு மீட்டது. 2020இல் வந்த அந்த ஆய்வில் கடுமையான நிகழ்வுகள் பத்து. அவற்றில் நான்கு கடைசி அறுபது ஆண்டுகளில். 1675இல் வந்தது இதுவரை கருவிகள் அளந்த எதையும்விடக் கடுமை. நம் வடகிழக்குப் பருவமழைக்கும் இந்த ஊசலுக்கும் உறவு உண்டு. எல் நினோவோடு அது சேரும் ஆண்டுகளில் ஐப்பசி கார்த்திகை மழை மிகுவது வழக்கம். 2015இல் இரண்டும் சேர்ந்தன. டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாற்றில் இறங்கியது. ஒரு நூற்றாண்டு மழைமானிப் பதிவை வைத்து மிகையான மழை எது என்று வரையறுக்கும் பொறியாளருக்கு, அந்த நூற்றாண்டு எவ்வளவு சாதுவான மாதிரி என்று சொல்லக்கூடியது சுமத்ராவின் செத்த பவளம்.

மீண்டும் பாம்பனுக்கு. இந்த வாதத்தின் பலவீனமான கண்ணி எதுவென்றால் நம் கரையின் எண்கள்தான். கார்பன் வயதுக்குக் கடல்நீரின் பழைய கார்பனுக்காக ஏறத்தாழ நானூறு ஆண்டுத் திருத்தம் வேண்டும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். உயரமும் பல பதிவுகளில் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தா, வற்ற மட்டத்திலிருந்தா, உயர் ஓதத்திலிருந்தா என்ற வேறுபாட்டோடு வருகிறது. பாம்பனில் ஓத வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்தக் குழப்பம் பெரிதாகாது என்று சொல்லலாம். ஆனால் பேசுவதே ஒன்று முதல் மூன்று மீட்டர் பற்றி என்னும்போது அரை மீட்டர் சிறிய பிழையன்று. செய்ய வேண்டியது தெளிவு: வளர்ந்த நிலையிலேயே நிற்கும் நுண்பவளத் திட்டுகளைத் தேர்ந்து, கால்சைட் சோதனை செய்து, யுரேனியம்–தோரிய வயது எடுத்து, பக்கத்தில் இன்று உயிரோடிருக்கும் திட்டின் உச்சியோடு அவற்றின் உயரத்தைச் செயற்கைக்கோள் நிலையளவையால் ஒப்பிடுவது. உயிருள்ள பவளத்தோடு ஒப்பிட்டால் எந்த மட்டம் என்ற சண்டையே எழாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதால் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மீதி 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவின் காவலில் இருக்கின்றன. கரையில் கிடக்கும் செத்த திட்டுக்கு அத்தகைய கவனம் இல்லை. திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களும், பரங்கிமலைச் சார்னகைட்டும், காரை மண்மேடுகளும் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தேசிய நினைவுச்சின்னப் பட்டியலில் உண்டு. ராமேஸ்வரப் பவளம் இல்லை.

அந்த எண்ணில் அரை மீட்டர் குறைவதும் கூடுவதும் நிலவியலாளரின் தனிப்பட்ட கவலையாக நிற்பதில்லை. சென்னைத் துறைமுக ஓதமானி காட்டும் ஏற்றத்திலிருந்து நிலத்தின் மெதுவான அசைவைக் கழித்த பிறகே கடலின் உண்மையான ஏற்றம் தெரியும்; கழிக்க வேண்டிய அளவைத் தரும் பூமி மாதிரிகளைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கான ஆண்டு நீளமுள்ள பதிவு வேண்டும், அது பாம்பன் போன்ற இடங்களில்தான் கிடைக்கும். செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் இறங்கிப் பட்டினப்பாக்கத்தில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் கடல் எந்த உயரத்தில் எதிர்த்து நிற்கும் என்ற எண், ஏரியின் மதகு எவ்வளவு திறக்கலாம் என்ற கணக்குக்குள் வருகிறது. இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் மழைநீர் வடிகால்களும் கடைசியில் அதே ஏரியையும் ஆற்றையும் நம்பித்தான் இருக்கின்றன.